கச்சான் காற்றில் சீனன்குடாவில் இறங்குவது

காற்று பக்கத்திலிருந்து அடிக்கும்போது ஓடுபாதைக்கு நேரே மூக்கைப் பிடித்துக்கொண்டு வருகிற விமானி ஓடுபாதையில் இறங்கமாட்டார், பக்கத்துப் பற்றைப் புதருக்குள்தான் இறங்குவார் என்பது எங்கள் தொழிலின் முதல் பாடம்.

ஒடுங்கிய ஒழுங்கைக்குள் லொறியைப் பின்னுக்கு எடுக்கும்போது வீட்டுக்காரர், பக்கத்து வீட்டுக்காரர், தெருவால் போனவர் எல்லாரும் நின்று ஆளுக்கொரு பக்கம் கை காட்டிய அனுபவம் உங்களுக்கு இருக்கிறதா? அப்படியென்றால் நீங்களும் என் ஆட்கள்தான். எனக்கும் அதே வேலை. என்ன, நடுவில் நிற்பாட்டிவிட்டு இறங்கிப் பார்க்க ஏலாது.

நான் நிலாவெளிப் பெண், அப்பா வள்ளம் வைத்திருந்தவர். ஒற்றை இயந்திரம் பூட்டிய சின்ன விமானம் ஓட்டுகிறேன். ஒரு மினிபஸ்ஸில் ஏறுகிற ஆட்களில் பாதிப் பேர் ஏறலாம். கொழும்பிலிருந்து அவர்களை ஏற்றிக்கொண்டு, திருகோணமலைத் துறைமுகத்தின் உட்பக்கத்தில் இருக்கும் சீனன்குடாவுக்கு வருவேன். அந்த ஓடுபாதை அகலம் குறைந்தது என்று சொல்லேலாது. ஆனால் கச்சான் காற்று தொடங்கிவிட்டால் எந்த ஓடுபாதையும் ஒடுங்கிப் போகும். காடும் வயலும் தாண்டி மேற்கிலிருந்து வருகிற வெக்கைக் காற்று அது. வந்து விமானத்தின் விலாவில் இடிக்கும். ஈடு கொடுக்க மூக்கைக் காற்றுப் பக்கம் திருப்பிக்கொண்டு, நண்டு மாதிரிப் பக்கவாட்டில் நகர்ந்து வரவேண்டும். சில்லு நிலத்தைத் தொடுவதற்குச் சற்று முன்னர் காலால் மிதிபலகையை மிதித்து மூக்கை நேராக்கி, காற்றுப் பக்கச் சிறகைத் தாழ்த்தி, முதலில் ஒற்றைச் சில்லில் இறங்கவேண்டும். முந்தி மிதித்தால் காற்று தள்ளிக்கொண்டு போய்விடும். பிந்தினால் சில்லு தாங்காது. வாசிக்க உங்களுக்கு எடுத்த நேரத்தைவிட, செய்ய எங்களுக்குக் கிடைக்கிற நேரம் குறைவு.

வளைந்த விமானம்

நான் துணை விமானியாகச் சேர்ந்த புதிது. என் அண்ணா நிலாவெளியில் கரைவலை வைத்திருப்பவர். ஒருநாள் வலை இழுத்துக்கொண்டிருந்தபோது எங்கள் விமானம் கடற்கரையோரமாகத் தெற்கே போயிருக்கிறது. காற்று தரைப் பக்கமிருந்து. ஆகவே மூக்கு ஊருக்குள் இருக்கும் கோயில் பக்கம் பார்க்க, விமானம் கடற்கரையை ஒட்டிப் போயிருக்கிறது. கயிறு பிடித்திருந்தவர்கள் இழுப்பதை விட்டுவிட்டு அண்ணாந்து பார்த்தார்களாம். வலைக்குள் வந்த மீனில் பாதி திரும்பிப் போய்விட்டதாக அண்ணாவின் முறைப்பாடு.

பின்னேரம் போன் எடுத்து, "உன்ர விமானம் வளைஞ்சிருக்கு, உனக்குத் தெரியுமோ?" என்று கேட்டார். நான் மேசையில் கிடந்த சீப்பையும் தீப்பெட்டியையும் வைத்து, அவர் கண்ணுக்கு அது தெரியாது என்பதையும் மறந்து, போனிலேயே விளங்கப்படுத்தினேன். ஆற்றைக் கடக்கிற தோணி எப்படி நீரோட்டத்துக்கு எதிராக மூக்கை வைத்துக்கொண்டு போகிறதோ அப்படித்தான் என்றேன். அண்ணா பொறுமையாக எல்லாம் கேட்டார். கடைசியில் சொன்னார்: "நீ சொன்னால் சரிதான். எண்டாலும் கொம்பனியில சொல்லி ஒருக்கா நேராக்கி எடுங்கோ, சனம் கதைக்குது."

சோதனை நாள்

என்னைக் கப்டனாக்குவதற்கான கடைசிச் சோதனை. அதுவரை எங்கள் கொம்பனியில் பெண் கப்டன் இருந்ததில்லை. இருக்கக்கூடாதென்று யாரும் சொல்லவில்லை, ஆனால் நான் தேத்தண்ணி குடிக்கப் போனால் அங்கே இருக்கிற விமானிகளின் கதை நின்றுவிடும். சோதிக்க வந்தவர் கொழும்பிலிருந்து வந்த பெரேரா என்ற மூத்த கப்டன். அன்றைக்குச் சீனன்குடாவில் காற்றின் திசை காட்டுகிற காற்றுப் பை விறைத்துப்போய், ஓடுபாதைக்குக் குறுக்கே கை நீட்டிக்கொண்டு நின்றது. பெரேரா அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "மிஸ், விரும்பினால் நாளைக்கு வைப்பம். நான் ஒண்டும் நினைக்கமாட்டேன்" என்றார். நாளைக்கும் இதே காற்றுத்தான் சேர் என்று சொல்லிவிட்டு ஏறினேன். இன்று திரும்பிப் போனால் நாளைக்கும் அதற்கடுத்த நாளுக்கும் என்னைக் காற்றில்லாத நேரம் பார்த்து மட்டும்தான் அனுப்புவார்கள் என்று தெரியும்.

மூன்று தரம் இறங்கி ஏறச் சொன்னார். முதல் தரம் கொஞ்சம் முரடு. இரண்டாவது பரவாயில்லை. மூன்றாவது முறை வலப்பக்கச் சில்லு தரையைத் தொட்டதே எனக்குக் காதில்தான் தெரிந்தது. அந்த ஒற்றைச் சில்லிலேயே ஓடவிட்டு, வேகம் குறையக் குறைய மற்றச் சில்லை மெதுவாக வைத்தேன். பாயில் குழந்தையைக் கிடத்துகிற மாதிரி. தேத்தண்ணிக் கடைப் பக்கம் நின்று பார்த்த எங்கள் விமானிகளில் இரண்டு பேர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்கள். இயந்திரத்தை நிறுத்தியபின் பெரேரா இருக்கைப் பட்டியைக் கழற்றாமலே கை தந்தார். "நாளைக்கு வைப்பம் எண்டு கேட்டது உமக்காக இல்லை மிஸ், எனக்காகத்தான்."

ரோட்டு இங்கால

கிண்ணியாவிலிருந்து கொழும்புக்கு நெடுங்காலம் பஸ் ஓட்டிய ஒரு பெரியவர். மக்காவுக்கு உம்ரா யாத்திரை முடித்து வந்தவரை, கட்டாரில் இருக்கும் மகன்கள் கட்டுநாயக்க விமான நிலையத்திலிருந்து பஸ்ஸில் அனுப்ப மனமில்லாமல் எங்கள் விமானத்தில் இடம் எடுத்துக் கொடுத்திருந்தார்கள். எனக்கு நேர் பின்னால் இடப்பக்க ஜன்னலோரம் இருந்தார். புறப்பட்டதிலிருந்து என் கையையும் காலையும் கவனித்துக்கொண்டே வந்தார். துறைமுகத்தைத் தாண்டி இறங்கத் தொடங்கினோம். காற்று வலப்பக்கம், மூக்கையும் வலப்பக்கம் திருப்பி வைத்திருந்தேன். முன் கண்ணாடியில் மாவு ஆலையும் தூரத்துக் காடும் தெரிந்தன. ஓடுபாதை தெரிந்ததோ அவருடைய ஜன்னலில்.

தோளில் ஒரு விரல் தட்டியது. "புள்ள, ரோட்டு இங்கால இரிக்கு." பக்கத்தில் துணை விமானி அசாத் இருந்தார். அவரும் கிண்ணியாதான். "தெரியும் வாப்பா, நீங்க பேசாம இரிங்க" என்றார். பெரியவர் கேட்கவில்லை. ஒரு பொறுப்புள்ள சாரதிக்கு இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க ஏலுமா? "இங்கால, இங்கால" என்று அந்த விரல் தட்டிக்கொண்டே இருந்தது. உரிய இடம் வந்ததும் நான் காலால் மிதித்தேன், மூக்கு நேரானது, சில்லுகள் ஒன்றன்பின் ஒன்றாக நடுக்கோட்டில் இறங்கின. விரல் நின்றது. வெளியே அழைத்துப்போக வந்திருந்த குடும்பத்துக்கு அவர் சொன்னது எனக்கும் கேட்டது: "நல்ல புள்ள. கொஞ்சம் தள்ளிப் போகப் பாத்திச்சு, நான் சொன்ன உடன திருப்பிட்டுது."

நல்ல நேரம்

கனடாவிலிருந்து வந்த மாப்பிள்ளை. அவர் வந்த விமானம் பிந்திவிட்டது, முகூர்த்தம் காலை, பெண் வீடு திருகோணமலை நகரத்தில். வேறு வழியில்லாமல் எங்கள் விமானத்தை முழுதாகப் பிடித்திருந்தார்கள். மாப்பிள்ளை வேட்டி சால்வையோடு வேர்த்துக்கொண்டிருந்தார். கூட வந்த அவருடைய மாமன் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஓடுபாதைக்கு மேலே வந்து நான் மூக்கை நேராக்கிய அந்தக் கணத்தில், ஒரு பெருங்காற்று வந்து எங்களை ஓடுபாதையின் ஓரத்துக்குத் தள்ளியது. சில்லுக்கும் தரைக்கும் இடையில் ஒரு ஆள் உயரம்தான் இருந்திருக்கும். இழுத்துப் பிடித்து இறக்கியிருக்கலாம். நான் விசையை முழுக்கக் கொடுத்து மேலே ஏற்றிவிட்டேன்.

மாமன் எழும்பி முன்னுக்கு வந்துவிட்டார். "பிள்ளை, நேரம் போகுது. எப்பிடியாவது இறக்கு" என்றார். "எப்பிடியாவது இறக்கிறது லேசு மாமா. வடிவா இறக்கத்தான் இன்னொரு சுற்று வேணும். போய் இருந்து பட்டியைப் போடுங்கோ" என்றேன். குரல் எனக்கே புதிதாக இருந்தது. மாமன் போய் இருந்தார். துறைமுகத்தை இன்னொருமுறை சுற்றி வந்தோம். மாப்பிள்ளை கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்தார். இந்தமுறை காற்று ஒரே சீராக அடித்தது. ஒரே சீராக அடிக்கிற காற்று எவ்வளவு பலமானாலும் எனக்குப் பயமில்லை. நடுக்கோட்டில் இறங்கி, வாசலுக்கு வந்து நின்ற காருக்குள் மாப்பிள்ளையைத் தள்ளி அனுப்பினோம். தாலி நேரத்துக்கு ஏறிவிட்டது. எங்களையும் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார்கள். நானும் அசாத்தும் சீருடையோடு பந்தியில் இருந்தபோது மணப்பெண் எங்களைத் தேடி வந்தார். முதல்முறை மேலே ஏற்றிவிட்டதற்கு நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்க, அவர் சிரித்தார். "இவருக்காக எத்தனை வருஷம் காத்திருந்தனான் அக்கா. நீங்கள் ஒரு சுற்றுச் சுற்றினது எனக்கு ஒரு கணக்கோ?"

பெரிய விமானக்காரர்

ஒருமுறை பயணிகளோடு, வெளிநாட்டுக் கொம்பனி ஒன்றில் பெரிய ஜெட் விமானம் ஓட்டுகிற யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் மனைவியோடு விடுமுறையில் வந்தார். தான் விமானி என்று யாருக்கும் சொல்லவில்லை. ஆனால் மற்றப் பயணிகள் பயத்தில் கண் மூடுகிற இடத்தில் அவர் கண் திறந்திருந்ததையும், அவர் கால் என்னோடு சேர்ந்து மிதிப்பதையும் அசாத் கண்டுபிடித்துவிட்டார். அன்று புழுதியோடு நல்ல காற்று. இறங்கி நின்றபின் அவர் கடைசி ஆளாக வந்து என் கையைக் குலுக்கினார். மனைவி முன்னே போய்விட்டாரா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு மெல்லிய குரலில் சொன்னார்: "வேலையால களைச்சு வந்தனான் எண்டு இனி நான் வீட்டில சொல்ல ஏலாது, மனுசியும் எல்லாம் பாத்திட்டா."

சுழியோடி

இதைக் கொஞ்சம் விரிவாகத்தான் சொல்லவேண்டும்.

கச்சான் உச்சத்தில் நின்ற ஒரு மத்தியானம். மேற்குக் கரையில் சங்கு குளிக்கிற அன்ரன் என்ற இளைஞர், முதுகில் கட்டியிருந்த காற்றுச் சிலிண்டர் முடிகிறது என்ற பயத்தில் ஆழத்திலிருந்து ஒரேயடியாக மேலே வந்துவிட்டார். அப்படி வந்தால், சோடாப் போத்தலை உடைத்த மாதிரி, உடம்புக்குள் கரைந்திருந்த காற்று குமிழ் குமிழாகக் கிளம்பும். வள்ளம் கரைக்கு வருவதற்குள் அவருக்கு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய்விட்டது. அதற்கு வைத்தியம், ஆளை ஓர் அழுத்த அறைக்குள் வைத்து, ஆழ்கடலில் இருக்கிற அழுத்தத்தைத் திரும்பக் கொடுத்து மெதுமெதுவாகக் குறைப்பதுதான். அந்த அறை திருகோணமலைத் துறைமுகத்தில் இருந்தது. பிந்தப் பிந்தக் கால்கள் திரும்பி வராமலே போகலாம். ஆளைக் கொண்டுவர எங்கள் விமானத்தைக் கேட்டார்கள். டொக்டர் போனில் எனக்கு ஒரேயொரு நிபந்தனை சொன்னார்: உயரத்தில் கொண்டுபோகக் கூடாது. மேலே போகப் போகக் குமிழ் பெரிதாகும்.

அன்ரனை ஏற்றவேண்டிய இடத்தில் இருந்தது, யாரோ எப்போதோ போட்ட ஒரு பழைய ஓடுபாதை. இரண்டு பஸ்கள் எதிரெதிரே வந்தால் ஒன்று மணலில் இறங்கி வழிவிட வேண்டும், அவ்வளவுதான் அகலம். இரண்டு பக்கமும் குட்டையான உடைமரம். காற்று கடலிலிருந்து நேர் குறுக்கே. மூக்கைக் கடலுக்குக் காட்டிக்கொண்டு, பாதையைப் பக்கக் கண்ணாடியால் பார்த்துக்கொண்டு இறங்கினேன். நடுக்கோடு கிடையாது, நடுவை நானேதான் தீர்மானிக்க வேண்டியிருந்தது. அசாத் வாய்க்குள் ஏதோ ஓதிக்கொண்டே வேகத்தை மட்டும் சத்தமாகச் சொன்னார். சில்லுகள் தாரில் நின்றன. சிறகுகள் இரண்டு பக்கமும் மரங்களுக்கு மேலால் நீட்டிக்கொண்டு நின்றன. அசாத் எட்டிப் பார்த்துவிட்டு, "அக்கா, மெதுவாக் கதவத் திறங்க, மரத்தில முட்டும்" என்றார். சிரிக்க நேரமில்லை.

அன்ரனைப் படுக்கையோடு ஏற்றினோம். முகத்தில் ஒட்சிசன். கூடவே ஒரு தாதியும் அன்ரனின் மனைவியும். நாட்டின் குறுக்கே கிழக்கு நோக்கி, காட்டின் தலைக்குக் கொஞ்சம் மேலாகப் பறந்தோம். கச்சான் பின்னாலிருந்து தள்ளியது, கீழிருந்து வெக்கையும் உதைத்தது. வழமையாக நான் பயணிகளுக்காக அந்த உதையல்களுக்கு மேலே ஏறிவிடுவேன். அன்று ஏற ஏலாது. ஒவ்வொரு உதையலுக்கும் தாதி படுக்கையை அணைத்துப் பிடித்தார். மனைவி அவருடைய பாதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "தெரியுதோ, தெரியுதோ" என்று கேட்டுக்கொண்டே வந்தார். அவர் தலையை ஆட்டியது இல்லை என்பதற்கு.

சீனன்குடாவை நெருங்கும்போது கட்டுப்பாட்டுக் கோபுரத்திலிருந்து காற்றின் வேகத்தைச் சொன்னார்கள். எங்கள் விமானத்துக்கு விதித்த எல்லையைத் தொட்டுக்கொண்டு நின்றது. தெற்கே மட்டக்களப்புக்குப் போகலாம், ஆனால் அங்கிருந்து திரும்ப ரோட்டால் வரவேண்டும். அசாத் என்னைப் பார்த்தார். "ஒருக்காப் போய்ப் பாப்பம். சரிவராட்டி தண்ணிக்கு மேலால தாழவே சுத்துவம். மேல ஏறமாட்டன்" என்றேன். அவர் ஓம் என்று தலையாட்டினார். துறைமுகத்துத் தண்ணீருக்கு மேலாக மிகத் தாழ வந்தோம். கோபுரத்தில் இருந்தவர் காற்றின் கணக்கை ஒவ்வொரு மூச்சுக்கும் வாசித்துக்கொண்டிருந்தார். கூடியது, குறைந்தது, கூடியது. இரண்டு பெருங்காற்றுக்கு இடையில் ஒரு தணிவு வருவதை அந்தக் குரலிலேயே பிடித்தேன். அது வரும்வரை வேகத்தைக் கொஞ்சம் தாங்கி வைத்திருந்து, வந்ததும் இறக்கினேன். மிதித்தேன். வலப்பக்கச் சில்லு. காற்று சிறகைத் தூக்கப் பார்த்தது, விடவில்லை. இடப்பக்கச் சில்லு. மூக்குச் சில்லு. படுக்கை ஆடவே இல்லை என்று தாதி பிறகு சொன்னார்.

அம்புலன்ஸ் போனபிறகுதான் என் இடக்கால் இன்னும் மிதிபலகையை அழுத்திக்கொண்டிருப்பதைப் பார்த்தேன். அசாத் போய் சீனி கூடப் போட்ட பிளேன்ரீ வாங்கி வந்தார். பிறகு பல கிழமை ஒரு செய்தியும் இல்லை. நான் போன் எடுத்துக் கேட்கவும் இல்லை, கெட்ட பதில் வந்துவிடுமோ என்ற பயம். ஒருநாள் இறங்கி வெளியே வருகிறேன், வாசலில் ஒரு பொல்லை ஊன்றிக்கொண்டு அன்ரன் நிற்கிறார், பக்கத்தில் மனைவி. பொல்லை மனைவியிடம் கொடுத்துவிட்டு, நான் நின்ற இடம்வரை தானாக நடந்து வந்தார். கால் கொஞ்சம் இழுத்தது. ஆனால் இரண்டு கால்களும் வந்தன. அவர் சொன்னார்: "நான் கடலுக்குள்ள இருந்து அவசரப்பட்டு மேல வந்தனான் அக்கா. நீங்கள்தான் அவசரப்படாமல் கீழ கொண்டுவந்து விட்டனீங்கள்."

அம்மா

அம்மா என் விமானத்தில் ஏறுவதில்லை என்று வருஷக்கணக்காகப் பிடிவாதமாக இருந்தவர். கொழும்பில் ஒரு கலியாணத்துக்கு வந்தவரை, திரும்பும்போது பஸ் கிடைக்காத சாக்கில் ஏற்றிவிட்டேன். முன் வரிசையில், மடியில் பையை இறுக்கிக்கொண்டு, நேரே பார்த்தபடி வந்தார். அன்றும் சீனன்குடாவில் கச்சான். அன்று நான் இறக்கியது போல் இன்னும் ஒருமுறை இறக்கச் சொன்னால் என்னால் ஏலுமோ தெரியாது. வெளிநாட்டுப் பயணிகள் கை தட்டினார்கள். அம்மா தட்டவில்லை. ஏணியால் இறங்கி, சேலைக் கரையை உதறிப் பார்த்தார். நான் பக்கத்தில் போய், எப்படி இருந்தது என்று கேட்டேன். என்னை மேலிருந்து கீழாக ஒருமுறை பார்த்தார். "கொப்பாவின்ர வள்ளத்தில கரையேறுறதை விட இது பரவாயில்லை. சேலை நனையேல்லை."

மொத்தத்தில், இத்தனை வருஷத்தில் காற்று என்னை ஒருநாளும் மதித்ததில்லை, ஆனால் ஓடுபாதை ஒவ்வொரு தரமும் எப்படியோ என் சில்லுகளுக்கு அடியில் வந்து சேர்ந்திருக்கிறது.